தலைவாசலும் மாடிப்படியும்: வாசகர் கேள்வி – பதில்

பொங்கலுக்கு முன்பாக வீட்டுக்கு வெள்ளையடிக்கும் யோசனை தொடங்கியதும் வாசலையும் மாடிப்படியையும் பற்றிய கடிதங்கள் எங்களுக்கு வந்து குவிகின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளித்திருக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

எங்கள் வீடு 1988-இல் கட்டியது. உள்ளேயுள்ள மாடிப்படிகள் மொசைக் போட்டவை. ஓரங்கள் தேய்ந்து, இரண்டு படிகளில் விரிசலும் கண்டிருக்கிறது. உடைத்தால் வீடெல்லாம் தூசியாகும், மொசைக்கின் மேலேயே கிரானைட் பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். சம்மதிக்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

தூசியைப் பற்றிக் கொத்தனார் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் பழைய படியின் மேல் புதிய கல்லைப் பதிப்பதில் உள்ள சிக்கல் தூசியைவிடப் பெரியது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் அதை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் படி ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். கிரானைட் பலகையின் கனம் சுமார் 18 மி.மீ.; அதன் அடியில் போடும் சிமென்ட் கலவை ஓர் அங்குலம்; இரண்டும் சேர்ந்து ஒன்றே முக்கால் அங்குலம் ஆகிறது. எல்லாப் படிகளும் ஒரே அளவில் உயர்வதால் நடுவிலுள்ள படிகளுக்கு இடையே எந்த மாற்றமும் இராது. ஆனால் கூடத்தின் தரை இருந்த இடத்திலேயே இருப்பதால் முதல் படி எட்டே முக்கால் அங்குலமாகிவிடும். மாடித் தரையும் உயராததால் கடைசிப் படி ஐந்தே கால் அங்குலமாகக் குறைந்துவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புப் படிகளுக்கு அனுமதிக்கும் அதிகபட்ச உயரம் 190 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஏழரை அங்குலம். உங்கள் முதல் படி அதையும் தாண்டிவிடும்.

விதியைத் தாண்டுவதைக்காட்டிலும் உயரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதுதான் ஆபத்து. மாடி ஏறுகிறவர் முதல் இரண்டு படிகளில் காலுக்குக் கிடைத்த உயரத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு கீழே பாராமல் ஏறுகிறார், இறங்கும்போதும் அப்படியே. இடையிலோ முடிவிலோ ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடிக் குறைந்தாலே கால் இடறுகிறது. இங்கே வித்தியாசம் ஒன்றே முக்கால் அங்குலம். இரவில் தண்ணீர் குடிக்க இறங்கி வரும் வயதானவருக்கு அது போதுமானதற்கும் மேல்.

கலவைக்குப் பதிலாகப் பசை போட்டு ஒட்டினால் கனம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். குறையும், ஆனால் தீராது. கல்லும் பசையும் சேர்ந்து முக்கால் அங்குலத்துக்கு மேல் வந்துவிடும், முதல் படியும் கடைசிப் படியும் அப்போதும் மற்றவற்றோடு ஒத்துப்போகா. எனவே உங்களுக்கு உள்ள நேர்மையான வழிகள் இரண்டு. வீடு முழுவதற்கும், அதாவது கீழ்த்தளக் கூடத்துக்கும் மாடிக்கும் சேர்த்துப் புதிய தரை போடும் எண்ணம் இருந்தால், அதே கனத்தில் எல்லா இடத்திலும் போடுங்கள். தரையும் படியும் ஒன்றாக உயர்வதால் கணக்கு சரியாகிவிடும், கதவுகளின் அடியைத் தச்சரிடம் கொடுத்து இழைத்துக்கொண்டால் போதும். படிக்கு மட்டும்தான் கிரானைட் என்றால், பழைய மொசைக்கையும் அதன் கீழுள்ள கலவையையும் எடுத்துவிடத்தான் வேண்டும். அதைக் கனமான இயந்திரத்தால் இடிக்க விடாதீர்கள். சாய்வான கான்கிரீட் பலகையின் மேல் செங்கல்லால் படி கட்டியிருக்கிற பழைய வீடுகளில் அந்த அதிர்ச்சி செங்கல்லையே பெயர்த்துவிடும். உளியும் சுத்தியலும் கொண்டு, மேலிருந்து கீழாக, ஒரு நாளைக்குச் சில படிகள் என்று எடுப்பதே நல்லது; கூடத்தின் வாயிலில் ஈரத் துணி கட்டித் தொங்கவிட்டால் தூசியும் பெருமளவு அடங்கும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நானாயிருந்தால் முதலில் அதைத்தான் பரிசீலிப்பேன். பழைய மொசைக் என்பது பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டோடு சேர்த்து அழுத்திப் போட்டுத் தேய்த்தது. மேற்பரப்பு மங்கியிருந்தாலும் உடல் உறுதியாகத்தான் இருக்கும். விரிசலை அதே நிறச் சிமென்ட்டால் அடைத்து, உடைந்த ஓரங்களைச் சில்லு கலந்த கலவையால் கட்டி, கை இயந்திரத்தில் கரடான கல்லிலிருந்து மென்மையான கல்வரை படிப்படியாகப் பிடித்து, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலம் போட்டுத் தேய்த்தால், அந்தப் படிகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வரும். சில்லின் நிறம் பொருந்துமா என்பதை ஒரு படியில் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள சிரமம்.

கிரானைட்தான் என்று முடிவானால் இரண்டு விஷயங்களைச் சொல்லி வாங்குங்கள். படியின் முன்னோரத்தை உருட்டச் சொல்லுங்கள். அது கீழ்ப்படிக்கு மேல் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அதிகம் நீட்டினால் ஏறும்போது கால் விரல் மாட்டும். முன்னோரத்தை ஒட்டி வழுக்காமலிருக்க மூன்று கோடுகள் வெட்டித் தரச் சொல்லுங்கள். படி முழுதும் ஒரே கறுப்புக் கல்லாக இருப்பது படத்தில் அழகாகத் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மிதிக்கும் கல் ஒரு நிறத்திலும், நிமிர்ந்து நிற்கும் கல் வெளிர் நிறத்திலும் இருப்பது கண்ணுக்கு உதவும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் போர்ட்டிகோவுக்கு வருவோம். சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதில் இப்போது போர்ட்டிகோவும் தெருவும் சமமாகிவிட்டன. மழைக்குத் தண்ணீர் வாசல்வரை வருகிறது. கூடத்தின் தரையையே ஒன்றரை அடி உயர்த்திவிடலாமா?
— ஒரு வாசகர், மடிப்பாக்கம், சென்னை

உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமென்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-இல் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறார். தெருக்காரர்கள் சேர்ந்து, வேலை நடக்கும் நாளில் அங்கே நின்றால்தான் அது நடக்கிறது.

தரையை உயர்த்துவதைப் பொறுத்தவரை, ஒன்றரை அடி என்பது கேட்பதற்குச் சின்ன வேலையாக இருந்தாலும் அது வீட்டில் தொடாத இடமே இராது. பத்தடி உயரக் கூரை எட்டரை அடியாகிறது. வசிக்கும் அறைக்கு விதித்தொகுப்பு கேட்பது 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. ஏழடி நிலைகள் ஐந்தரை அடியாகிவிடுவதால் ஒவ்வொரு வாசலின் மேலும் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான லிண்டலை உடைத்து உயர்த்த வேண்டும். குளியலறைக் குழாய், சமையல் மேடை, சுவிட்ச் பெட்டி, ஜன்னல் அடிமட்டம் எல்லாம் கூடவே நகர வேண்டும். மாடிப்படியையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் படிகள் 7 அங்குலமாக இருந்தால், 18 அங்குலம் உயர்த்தும்போது கீழ் இரண்டு படிகள் முழுவதும் தரைக்குள் போய், மூன்றாவது படி 3 அங்குலக் குட்டைப் படியாக வெளியே நிற்கும். மேலே கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன அதே இடறல் இங்கேயும் வரும். உயர்த்தியே தீரவேண்டுமென்றால் படி உயரத்தின் மடங்காக, 14 அங்குலமோ 21 அங்குலமோ உயர்த்துங்கள்; படி முழுசாக மறையும், மிச்சம் நிற்காது.

அதற்கு முன் குறைந்த செலவில் முயன்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து நான்கு இடங்களில் மட்டம் பாருங்கள்: தெருவின் நடு, கேட் இருக்கும் இடம், போர்ட்டிகோ, கூடத்து நிலைப்படி. கூடம் போர்ட்டிகோவைவிட அரை அடியாவது உயரமாக இருந்தால், தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடம் கேட்தான். கேட்டுக்கு உள்பக்கமாக, உங்கள் எல்லைக்குள்ளேயே, ஆறு முதல் எட்டு அங்குல உயரத்துக்கு முதுகுபோல ஒரு மேடு கட்டி, இரு பக்கமும் வண்டி ஏறி இறங்கும் அளவுக்குச் சரிவு கொடுங்கள். சுற்றுச்சுவரின் அடியில் ஓட்டைகள் இருந்தால் அடையுங்கள். இப்படித் தடுத்த பிறகு உங்கள் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் விழும் மழை வெளியே போக வழியில்லாமல் உள்ளே நிற்கும். ஆகையால் அதை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கும், மிஞ்சியதை ஒருவழி மூடி பொருத்திய குழாய் வழியாகத் தெருக் கால்வாய்க்கும் கொண்டுபோக வேண்டும். ஒருவழி மூடி இல்லாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் அதே குழாய் வழியாக உங்கள் வீட்டுக்குள் வரும். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பின் மூடியையும் ஓர் அடி உயர்த்திக் கட்டிவிடுங்கள். சாக்கடை கலந்த வெள்ளம் முதலில் கெடுப்பது குடிநீரைத்தான்.

வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்துவது சென்னையில் நடந்துவருகிறது. கூரை உயரமும் நிலைகளும் அப்படியே இருக்கும் என்பதால், தரையை உயர்த்துவதைவிட அது சில வீடுகளுக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். ஆனால் அஸ்திவாரத்தையும் மண்ணையும் சோதித்து எழுத்தில் தரும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஒப்பந்தக்காரருக்கு வேறானவராக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரே எல்லாவற்றுக்கும் உறுதி சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று யோசியுங்கள்.

தெருவை நோக்கிப் படியோ சாய்தளமோ நீட்டிக் கட்டிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அது ஆக்கிரமிப்பு, அதோடு மழைநீர்க் கால்வாயின் வாயையும் அடைத்துக்கொள்கிறது.

எங்கள் பூர்வீக வீட்டுத் தலைவாசல் நிலை தேக்கு. ஒரு நிலைக்காலின் அடியில் கரையான் அரித்திருக்கிறது. நிலையையும் கதவையும் எடுத்துவிட்டு இரும்புக் கதவு போடச் சொல்கிறார் தம்பி. எனக்கு மனமில்லை.
— ஒரு வாசகர், தேவகோட்டை

மனமில்லாதது நியாயமே. ஒரு காலின் அடி கெட்டதற்காக முழு நிலையையும் எடுப்பது அனாவசியம் என்பது என் கருத்து. முதலில் சேதம் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். கோணூசியாலோ மெல்லிய திருப்புளியாலோ காலின் அடியிலிருந்து மேல்நோக்கி ஓர் அங்குலத்துக்கு ஒரு தரம் குத்திக்கொண்டே போனால், கெட்ட மரத்தில் ஊசி பஞ்சில் இறங்குவதுபோல இறங்கும், நல்ல மரத்தில் நுனியோடு நின்றுவிடும். நிற்கிற இடத்துக்கு மேல் இன்னும் நான்கு அங்குலம் விட்டுக் குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறி தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தால் நிலையைக் காப்பாற்றிவிடலாம்.

நிலைக்கால் அடியில் கெடுவதற்குக் கரையான் மட்டும் காரணமல்ல. பழைய வீடுகளில் காலின் முனையைத் தரைக்குள் இறக்கி நிறுத்தியிருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசும்போது, காலும் படியும் சேரும் மூலையில் தண்ணீர் நின்று மரத்தின் நுனி வழியாக உறிஞ்சப்படுகிறது. ஈரமான மரத்தைத்தான் கரையான் தேடி வருகிறது. மஞ்சள் பூசுவதை நிறுத்த வேண்டியதில்லை. அந்த மூலையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் போதும்.

சீர்செய்யும் முறை இதுதான். நிலையின் மேல் விட்டம் சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், காலை அறுக்குமுன் வாசலுக்குள் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே கனத்தில் நன்கு உலர்ந்த பழைய தேக்கை எட்டு முதல் பத்து அங்குல நீளச் சாய்வுப் பொருத்தில் சேர்த்து, மரமுளை அடிப்பார் ஆசாரி. பழைய தேக்கு கிடைப்பது உங்கள் பக்கத்தில் கடினமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடைகள் இருக்கின்றன. புதிய கால் முனையைத் தரைக்குள் இறக்காதீர்கள். இரண்டு மூன்று அங்குல உயரமுள்ள கருங்கல் துண்டு ஒன்றைத் தரையில் பதித்து அதன்மேல் நிறுத்துங்கள். கழுவும் தண்ணீர் கல்லோடு நின்றுவிடும்.

கரையானுக்கு மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் ஊற்றுவது சில வாரம் வாசனையைத் தருமே தவிர, மண்ணுக்குள் இருக்கும் கூட்டத்தைத் தொடாது. சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாகுளோப்ரிட் என்ற கரையான் மருந்தின் கரைசலை அழுத்தி இறக்கி, துளையைச் சிமென்ட்டால் அடைப்பதே முறை. இதை உரிமம் பெற்றவர்களைக் கொண்டு செய்யுங்கள். கிணறு அருகில் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய எனாமல் வண்ணத்தைச் சுரண்டி மரத்தின் நிறத்தை வெளிக்கொணர விரும்பினால் ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாமென்றே கருதி, உலர வைத்துத் தேய்க்காமல் நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கொண்டு ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்வது எளிது. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

தம்பியின் கவலை பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால், பழைய கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பிக் கதவு போட்டுக்கொள்ளலாம், காற்றும் வரும்.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வாசலில் மூன்று படிகள், மொத்தம் ஒன்றரை அடி உயரம். சாய்தளம் கட்டலாமா?
— ஒரு வாசகி, மதுரை

சக்கர நாற்காலிக்குரிய சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12. ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும்; மேலும் கீழும் நாற்காலி திரும்புவதற்குத் தலா ஐந்தடி சமதளம் வேண்டும். பக்கவாட்டில் அவ்வளவு இடம் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். பல வீடுகளில் இருசக்கர வண்டி ஏற்றுவதற்காகக் கட்டிய ஐந்தாறு அடிச் சரிவையே பெரியவர்களுக்கும் காட்டுகிறார்கள். அது படியைவிட ஆபத்தானது. இறங்கும்போது உடல் முன்னே தள்ளும், முழங்கால் தாங்காது.

நடக்கக்கூடியவருக்குச் சாய்தளத்தைவிடத் தாழ்ந்த படிகளே வசதி. மூன்று படியாக இருப்பதை நான்காக்குங்கள்; ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் வரும். படி தாழும்போது மிதிக்கும் அகலம் கூட வேண்டும். படி உயரத்தின் இருமடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலத்தை ஒட்டி வரவேண்டும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் வகுத்த கணக்கு. இன்றும் கட்டடக்காரர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதன்படி உங்களுக்கு மிதியின் அகலம் 15 அங்குலம். பாதத்தை முழுதாக வைத்து, இன்னொரு பாதத்தையும் பக்கத்தில் சேர்த்து நின்று, பிறகு அடுத்த படிக்குப் போக இது இடம் தரும்.

கைப்பிடியை இரண்டு பக்கமும் போடுங்கள். ஏறும்போது வலக்கைக்குக் கிடைப்பது இறங்கும்போது இடக்கைக்குத்தான் கிடைக்கும் என்பதை ஒருபக்கக் கைப்பிடி போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய் கை நிறையப் பிடிக்க ஏற்றது. சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி விட்டு, கடைசிப் படிக்கு அப்பால் இன்னும் ஓர் அடி நீட்டி முடிக்க வேண்டும். கால் சமதரைக்கு வந்த பிறகும் கை பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நீட்சி.

கதவுக்கு முன்னால் நான்கடிச் சமதளம் இருக்கட்டும். படியில் நின்றுகொண்டு சாவி போடும் நிலை அவருக்கு வரக் கூடாது. வழுக்கி நகரும் தேங்காய்நார் மிதியடியை எடுத்துவிட்டு, தரையில் அதே அளவுக்குப் பள்ளமெடுத்து மிதியடி தரையோடு சமமாகப் படியும்படி வைத்துவிடுங்கள். செருப்பைக் கழற்ற உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும். பதினெட்டு அங்குல உயரத்தில் இரண்டடி நீளத் திண்ணை ஒன்று கட்டினால் எழுந்து உட்காரவும் சுலபம். விளக்குக்கு வெளியே ஒரு சுவிட்சும் உள்ளே ஒரு சுவிட்சுமாக டூ-வே இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

போர்ட்டிகோவிலும் அதன் முன்படிகளிலும் ஆத்தங்குடி ஓடு பதிக்க ஆசை. வெயில் மழைக்குத் தாங்குமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

கூரைக்குக் கீழே போர்ட்டிகோவில் பதியுங்கள், படிகளில் வேண்டாம். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவது. வண்ணம் மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் இருக்கிறது. படியின் விளிம்பில் அது ஓயாமல் அடிபட்டுப் பெயர்ந்தால் அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும். படிகளுக்குக் கருங்கல்லோ கடப்பைக் கல்லோ போட்டு, மேலே சமதளத்தில் ஓட்டுக்கு அதே கல்லில் ஒரு கரை கட்டினால் அழகாகவும் இருக்கும். கையால் செய்வதால் ஓட்டுக்கு ஓடு நிறமும் கனமும் சற்று மாறும். பெட்டிகளைத் திறந்து கலந்து அடுக்கிப் பார்த்துவிட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். அமிலம் கலந்த தரை கழுவும் திரவம் எதையும் அதன்மேல் ஊற்றக் கூடாது. வேலை முடிந்த அன்று கொத்தனார் சிமென்ட் கறையை நீக்க அமிலம் கொண்டுவருவார், அப்போதே தடுத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துவந்தால், நடக்க நடக்கத்தான் பளபளப்பு கூடும்.

மாடிப்படிக்குப் போட்ட எவர்சில்வர் கைப்பிடி ஓராண்டுக்குள் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள்.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

காந்தச் சோதனை உங்களுக்கு எதையும் சொல்லாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 202 ரகத்திலும், அதைவிடத் தரமான 304 ரகத்திலும் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. 202-இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து அதற்கு ஈடாக மாங்கனீஸைச் சேர்த்திருக்கிறார்கள், குரோமியமும் குறைவு. உப்புக்காற்றில் அது நிற்காது. கடலுக்கு அருகில் உள்ள உங்கள் ஊரில், வெளிப்படிக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகமே பொருத்தம். வீட்டுக்குள் 304 போதும். ரகத்தின் எண்ணைப் பட்டியலில் எழுதி வாங்குங்கள். ரகத்தைக் காட்டும் சோதனைத் திரவத்தின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும் கேளுங்கள். பற்றவைத்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் விட்டால் நல்ல ரகமும் அந்த இடத்தில் துருப்பிடிக்கும். இப்போதுள்ள புள்ளிகள் மேலோட்டமானவையாக இருந்தால், தேய்த்து மெருகேற்றி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவாருங்கள். அதிலேயே சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம்.

குழந்தைகள் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றும்போது நிமிர்ந்த கம்பிகளாகப் போடுங்கள், இடைவெளி நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். இப்போது பிரபலமாக உள்ள கிடைக்கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும்.

படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்கிறார்களே? எங்களுக்கு 18 இருக்கிறது.
— ஒரு வாசகர், ஈரோடு

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எண்ணிக்கைக்காக அடியில் ஓர் இரண்டு அங்குலப் பலகைக்கல்லை மட்டும் சேர்த்து 19 ஆக்கிவிடாதீர்கள். முழுவதையும் புதிதாகக் கட்டும்போது மொத்த உயரத்தைப் பதினேழாலோ பத்தொன்பதாலோ சமமாக வகுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற படியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

வாசல் முழுதும் பளபளப்பான ஓடு போட்டோம். கோலமாவு நிற்கவில்லை, ஈரத்தில் வழுக்குகிறது, மாமியார் தினமும் குறைப்படுகிறார். முழுவதையும் பெயர்க்காமல் ஏதாவது செய்யலாமா?
— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோலம் நிற்காத தரையில் காலும் நிற்காது. முழுவதையும் பெயர்க்க வேண்டாம். நிலைப்படிக்கு நேர் எதிரே நான்கடிக்கு நான்கடி மட்டும் ஓடுகளை எடுத்துவிட்டு, அங்கே பாலிஷ் போடாத கறுப்புக் கடப்பைக் கல்லோ, தீயால் சுட்டுக் கரடாக்கிய கிரானைட்டோ பதியுங்கள். கறுப்புப் பரப்பில் வெள்ளை மாவு எடுப்பாகத் தெரியும். கரடான பரப்பில் அரிசிமாவு விரலிலிருந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், மாக்கோலம் காய்ந்த பிறகும் பிடித்திருக்கும். மிச்சமுள்ள ஓட்டுத்தரையில், நிலைப்படியிலிருந்து கேட்வரை நடக்கும் பாதையில் மட்டும் வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொள்ளலாம்.

கல் பதிக்கும்போது ஓட்டின் மட்டத்துக்குச் சரியாக வரவேண்டும். கால் அங்குலம் தூக்கி நின்றாலும் தடுக்கும். தெளித்த தண்ணீர் தேங்காமல் ஓட, பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் தெருவை நோக்கிச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். ஓடும் கல்லும் சேரும் இடுக்கை எபாக்ஸி என்ற பிசின் கலவை கொண்டு நிரப்பினால் தினமும் சாணம் தெளித்தாலும் கறை உள்ளே இறங்காது.